மாடியில் நடக்கும் சத்தம்

பைபாஸ் ஆபரேஷன் முடிந்து கோச் வீட்டுக்கு வந்த வாரம், அவருடைய தம்பி ஒரு மினி லாரியில் பாதி ஜிம்மை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். ட்ரெட்மில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள், உட்கார்ந்தபடி துடுப்பு இழுக்கும் மெஷின், ஜோடி ஜோடியாக டம்பெல், கைக்கு ரப்பர் பட்டை. ஆட்கள் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கியபோது படிக்கட்டுச் சுவரில் பெயின்ட் உரிந்தது.

"அண்ணி, இனிமே அண்ணன் காத்து வாங்கக்கூட வெளிய போக வேண்டாம். எல்லாம் வீட்டுக்குள்ளயே வந்தாச்சு," என்றார் தம்பி.

கோச் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எதுல ஏறினா எந்த ஊருக்குப் போகலாம்?"

"எந்த ஊருக்கும் போக முடியாது. அதுக்குத்தான் வாங்கினது," என்றாள் மனைவி.

வாழ்நாள் முழுக்கக் கோல்ஃப் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் கோச்தான். பால்காரருக்கும் கோச், பல் டாக்டருக்கும் கோச். மனைவி வீட்டின் முன்னறையில் ஜன்னல் திரைகள் தைப்பவள். வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் தைத்து, பழைய வேன் ஒன்றில் தானே கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவாள். கோச்சுக்கு நெஞ்சுவலி வந்த அன்று அவர் பயிற்சித் திடலில் விழுந்து கிடந்தார். அவள் இங்கே தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்தில் போன் அடித்தது அவள் காதில் விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்று அவளுக்குள் புகுந்த பயம், ஆபரேஷன் முடிந்தும் வெளியே போகவில்லை.

மாடியறை அவளுடைய தையல் அறைக்கு நேர் மேலே இருந்தது. தினமும் காலையில் கோச் ட்ரெட்மில்லில் ஏறுவார். கீழே உத்தரத்தில் தப், தப், தப் என்று காலடி கேட்கும். வலது கால் அழுத்தமாக விழும். கால் ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் வைத்துத் தைத்திருந்ததால் இடது கால் கொஞ்சம் இழுக்கும். அந்தச் சத்தம் இருக்கும்வரை அவர் இருக்கிறார். தையல் மெஷினை ஓட்டினால் சத்தம் மறைந்துவிடும் என்பதால் அவள் ஒரு மடிப்பு தைப்பாள், நிறுத்துவாள், மேலே பார்ப்பாள், காலடி கேட்டதும் அடுத்த மடிப்பு தைப்பாள். முன்பு அரை நாளில் முடிகிற வேலை இப்போது பொழுது சாயும்வரை இழுத்தது. சில நாள் அவர் தண்ணீர் குடிக்கவோ முகம் துடைக்கவோ நிறுத்துவார். அந்த இடைவெளியில் அவள் செருப்பில்லாமல் படியேறி ஓடி எட்டிப் பார்த்தால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நிற்பார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. காபி வேணுமான்னு கேக்க வந்தேன்."

"இப்பத்தானே குடிச்சேன்?"

"சரி, அப்ப வேண்டாம்."

இரண்டு பேருக்குமே அது காபிக்காக இல்லை என்று தெரியும்.

சாப்பாட்டு மேஜையில் கோச் மைதானங்களைப் பற்றித்தான் பேசுவார். மூன்று விதமான மைதானங்கள் அவருக்குப் பழக்கம். கல்யாணமான புதிதில் பாலைநிலத்தில் இருந்த ஒன்று. அங்கே புல் தீவு தீவாக இருக்கும். பந்து அதைத் தாண்டினால் பாறை, முள், பாம்பு. தொலைந்த பந்தைத் தேட அவளும் கூடப் போய்க் காலில் முள் குத்திக்கொண்டு வந்திருக்கிறாள். அதன் பிறகு இந்த ஊர். இங்கே வீடுகளுக்குப் பின்னால் மரங்களும் குளங்களுமாக ஒரு மைதானம். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் சொல்லிக்கொடுத்தது அங்கேதான். ஊருக்கு வெளியே கடலோரத்தில் இன்னொன்று இருந்தது. மரம் என்று பேருக்குக்கூட இல்லாத, மேடும் பள்ளமுமான மணல்வெளி.

"நம்ம மரத்து மைதானம் இருக்கே, அது வீடு மாதிரி. ரெண்டு பக்கமும் சுவர். எங்க போகணும்னு மரமே சொல்லிடும்," என்பார். "கடலோரத்துல அப்படி இல்ல. அதை யாரும் கட்டல. காத்து போட்டது. நேத்து அடிச்ச அடியை இன்னைக்கு அடிச்சா பந்து வேற எங்கயோ போகும்."

"காத்துலயும் மேட்டுலயும் ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. பேசக்கூடாதுன்னு சொல்லலையே?"

அவள் அவருடைய மட்டைகளையெல்லாம் பையோடு தம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். மரத்து மைதானத்து அலுவலகத்திலும் தம்பி போய், அண்ணன் வந்தால் விளையாட விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கோச்சுக்கு அது தெரிந்தது. அன்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்துபோனார்.

பிறகு ஒரு நாள் காலை அவள் ஒரு ஓட்டலுக்காகக் கனமான நீலத் திரைகள் தைத்துக்கொண்டிருந்தாள். மேலே வழக்கம்போல் காலடி கேட்டது. தப், தப், தப். அவள் ஒரு மடிப்பு தைத்தாள், நிறுத்தினாள். கேட்டது. இன்னொரு மடிப்பு. கேட்டது. இன்றைக்கு நிற்காமல் நடக்கிறாரே, உடம்பு தேறிவிட்டது போல என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நிம்மதியில் நாலைந்து மடிப்புகளைச் சேர்த்தே தைத்தாள்.

பிறகு ஊசியில் நூல் கோக்கும்போது காதைக் கொடுத்துக் கேட்டாள். ஏதோ சரியாக இல்லை. இருமல் இல்லை. தண்ணீர் பாட்டிலை வைக்கிற சத்தம் இல்லை. இடது காலின் இழுப்பும் இல்லை. சில சமயம் இரண்டு அடி சேர்ந்து விழுந்தது, சில சமயம் ஒன்று தாமதமாக. மனிதன் நடந்தால் அப்படி விழாது. நூலைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. தள்ளினாள்.

ட்ரெட்மில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் யாரும் இல்லை. கோச்சின் பழைய கேன்வாஸ் ஷூ இரண்டும் கைப்பிடியிலிருந்து நாடாவில் தொங்கி, ஓடும் பெல்ட்டில் பட்டுத் துள்ளித் துள்ளி விழுந்துகொண்டிருந்தன. பெல்ட் பின்னால் இழுக்க, நாடா பிடித்து நிறுத்த, ஷூ புரண்டு குதித்தது. தப், தப், தப்.

கால் இல்லாத ஷூ நடப்பதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு கணம், அவர் ஏற்கெனவே போய்விட்டார், இது மட்டும் நடந்துகொண்டிருக்கிறது என்றே தோன்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஷூக்கள் ஓய்ந்து தொங்கின.

குளியலறையில் இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறாரா என்று குனிந்து பார்த்தாள். இல்லை. பின்படிக்குப் போகும் கதவின் தாழ்ப்பாள் திறந்திருந்தது. ட்ரெட்மில்லின் தட்டில் அவருடைய போனும் நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரமும் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. நாற்காலியில் காலையில் போட்டிருந்த சட்டை. அதன் பையைத் தொட்டுப் பார்த்தாள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டிய மாத்திரைக் குப்பி உள்ளே இருந்தது. சட்டையை மாற்றியவர் குப்பியை மறந்துவிட்டுப் போயிருந்தார்.

குப்பியைக் கையில் இறுக்கிக்கொண்டு கீழே வந்தாள். கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவர் வெளியூரில் இருந்தார்.

"அண்ணி, பதறாதீங்க. முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"எங்க வரச் சொல்றது? ஆள் எங்கன்னு தெரிஞ்சாத்தானே வரச் சொல்ல முடியும்?"

வேனை எடுத்துக்கொண்டு நேராக மரத்து மைதானத்துக்குப் போனாள். முப்பது வருஷமாக அவர் கால் தானாகப் போன இடம் அதுதான். வேனை வாசலில் கோணலாக நிறுத்திவிட்டு, அலுவலகத்தில் கேட்கக்கூடத் தோன்றாமல் உள்ளே ஓடினாள். மரங்களுக்கு நடுவே புல் நீளமாகப் போய் வளைந்தது. அந்த வளைவுக்குப் போனால் இன்னொரு மரச்சுவர், அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு புல்வெளி. எந்த இடத்தில் நின்றாலும் மறுபக்கம் தெரியவில்லை. ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஒரு மனிதன் விழுந்து கிடக்க இடம் இருந்தது. "என்னங்க! என்னங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். மட்டையோடு நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

குளத்தங்கரையில் வெள்ளைத் தொப்பி ஒன்று தண்ணீரில் பாதி மூழ்கிக் கிடந்தது. கோச் போடுவதும் வெள்ளைத் தொப்பிதான். அவள் சேற்றில் முட்டி போட்டு அதை எடுத்தாள். சின்னப் பிள்ளையின் தலைக்குத்தான் போதும். அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கலங்கிய தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் அப்படியே இருந்தாள்.

அலுவலகத்திலிருந்த ஆள் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். "கோச்சா? இங்க வரலம்மா. வந்தா நாங்க விடமாட்டோம்னு அவருக்கே தெரியும். உங்க கொழுந்தன் வந்து சொல்லிட்டுப் போனதுலேருந்து இந்தப் பக்கம் தலை வெச்சே படுக்கல."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இங்கே எல்லோரும் அவரைத் தடுப்பார்கள். யாரும் தடுக்காத இடத்துக்குத்தான் அவர் போயிருப்பார். கடலோரம். காற்று, மேடு, மணல் என்று டாக்டர் எதையெல்லாம் கூடாது என்றாரோ அது அத்தனையும் ஒன்றாக இருக்கிற இடம்.

ஊரைத் தாண்டியதும் அவள் முன்னால் பார்த்தாள். சாலை பாதியில் அறுந்ததுபோல் இருந்தது. கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து, தந்திக் கம்பங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததும் நடுப்பகல் சாம்பல் நிறமானது. கண்ணாடியில் ஈரம் வழிந்தது. தலையைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓட்டினாள். தெரியாத கடவுளையெல்லாம் கூப்பிட்டாள்.

கடலோர மைதானத்தின் வாகன நிறுத்தத்தில் ஒரு கார்கூட இல்லை. புல் வெட்டும் டிராக்டரைக் கொட்டகைக்குள் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் இறங்கி வந்தாள். ரப்பர் பூட்ஸ், தடித்த கோட்டு. மைதானத்தைப் பராமரிக்கிறவள்.

"மூடியாச்சுக்கா. பனி வந்ததுமே ஹாரன் அடிச்சு எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டாச்சு."

"எல்லாரும் திரும்பிட்டாங்களா? வயசானவரு ஒருத்தரு, ஒல்லியா, இடது கால் கொஞ்சம் இழுக்கும்…"

"அப்படி யாரையும் பாக்கலையே. கார் எல்லாம் போயிடுச்சு. உள்ள யாரும் இல்ல."

"அவரு கார்ல வந்திருக்க மாட்டாரு. பஸ்ல வந்திருப்பாரு."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. பஸ் நிறுத்தம் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. அங்கிருந்து வேலியைத் தாண்டினால் யார் கண்ணிலும் படாமல் உள்ளே வரலாம்.

இருவரும் வேலியோரமாக அந்தப் பக்கம் போனார்கள். அங்கே ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் ஒரு நீளமான துணி உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் அதை எடுத்து விரித்தாள். ஓட்டல் திரையின் நீலத் துணி. ஓரத்தை மடித்து அடித்திருந்த தையல் கோணலாக இருந்தது. அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவரே உட்கார்ந்து தைத்திருக்கிறார். மட்டை ஒன்றைத் தம்பி வீட்டுக்கு அனுப்பாமல் ஒளித்து, இதற்குள் போட்டு, அவளுடைய திரைக்கம்பிகளோடு கம்பியாக நிறுத்தி வைத்திருந்திருக்கிறார். அவள் தினமும் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறாள்.

"இங்கதான் இருக்காரு," என்றாள். இருக்கிறார் என்பது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் கடல் பக்கமா போறேன். நீங்க இந்தப் பக்கம் மேட்டோரமா போங்க," என்று அந்தப் பெண் ஒரு கொடிக்கம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "தட்டித் தட்டி நடங்கக்கா. ஆட்டத்துக்குன்னே வெட்டின மணல்குழிங்க ஆள் உயரத்துக்கு இருக்கும். புல்லு விளிம்பு வரைக்கும் வளந்திருக்கும், கிட்டப் போனாத்தான் தெரியும். ஆளைப் பாத்தா கத்துங்க. நான் விசில் ஊதுறேன்."

இரண்டடி போனதும் அந்தப் பெண் பனியில் கரைந்துவிட்டாள்.

மரத்து மைதானத்தில் மரம்தான் மறைத்தது. இங்கே மறைக்க எதுவுமே இல்லை. ஆனால் எதுவுமே தெரியவில்லை. மேடு என்று நினைத்துக் காலை வைத்தால் பள்ளம். பள்ளம் என்று தயங்கினால் சமதரை. கடல் வலது பக்கம் இரைந்தது, கொஞ்ச தூரம் போனதும் முன்னால் இரைந்தது, பிறகு எல்லாப் பக்கமும் இரைந்தது. திரும்பிப் பார்த்தாள்; தான் வந்த வழி இல்லை. விசில் எங்கேயோ ஒருமுறை கேட்டது, தூரமா பக்கமா என்று புரியவில்லை. ஈரப்புல் புடவையை இழுத்தது. "என்னங்க!" என்று கூப்பிட்டாள். குரல் பஞ்சுக்குள் போனதுபோல் அடங்கியது. பதில் வரும் என்று நிற்பதற்குக்கூடப் பயமாக இருந்தது, வராவிட்டால் என்ன செய்வது என்று.

கம்பைத் தட்டிக்கொண்டே போனவள் சட்டென்று நின்றாள்.

டக். டக்.

பனிக்குள் எங்கேயோ மரக்கட்டையில் எதுவோ இடிக்கிற சத்தம். அவளுடைய முதல் நினைப்பு சந்தோஷம் அல்ல. காலையில் இப்படித்தான் ஒரு சத்தத்தை நம்பி உட்கார்ந்திருந்தாள். இதுவும் காற்றில் ஆடும் ஏதோ ஒரு பலகையாக இருக்கும். போய்ப் பார்த்தால் அங்கே ஆள் இருக்கமாட்டார். அல்லது ஆள் இருப்பார், உயிர் இருக்காது. காலை எடுத்து வைக்க மனசு வரவில்லை.

டக். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, டக்.

நடுவில் ஒரு இருமல் கேட்டது.

அவள் ஓடினாள். கொடிக்கம்பு கையில் இருந்தது மறந்துபோனது. புல் திடீரென்று முடிந்து ஒரு கால் வெறும் காற்றில் போனது. பின்னால் சாய்ந்து புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். காலடியில் கிணறுபோல் ஒரு குழி. ஒரு பக்கம் முழுக்கப் பழைய மரக்கட்டைகளை அடுக்கிச் சுவராக வைத்திருந்தார்கள். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கோச் மணலில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த மட்டை கட்டையில் மோதியது. டக்.

"வந்துட்டியா," என்றார். முகம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. உதடு நீலம்.

அவள் எப்படி இறங்கினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. சறுக்கி, உருண்டு, வாயெல்லாம் மணலாக அவர் பக்கத்தில் போய் விழுந்தாள். குப்பியின் மூடி திறக்க வரவில்லை. பல்லால் கடித்துத் திறந்தாள்.

"நாக்கைத் தூக்குங்க."

"பந்து உள்ள விழுந்துச்சு. எடுக்கலாம்னு இறங்கினேன். மேல ஏறுறப்ப…"

"பேசாதீங்க! நாக்கைத் தூக்குங்க."

மாத்திரையை உள்ளே வைத்தாள். அவர் கை ஐஸ் கட்டிபோல் இருந்தது. மேலே பார்த்து, வாழ்நாளில் கத்தாத சத்தத்தில் கத்தினாள். விசில் பதில் சொன்னது, ஆனால் வேறு திசையில். மறுபடி கத்தினாள். போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். "கடலோர மைதானம், ஒரு குழிக்குள்ள" என்று அவள் சொன்னதும் அந்தப் பக்கம் இருந்தவர், "எந்தக் குழிம்மா?" என்று கேட்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு என்ன தெரியும்? எல்லாம் குழியா இருக்கு!"

கோச் லேசாகச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு முகம் சுளித்து வலியாக முடிந்தது. அவர் தலை அவள் தோளில் சரிந்தது. கண் மூடிக்கொண்டது. அவள் விரலை அவர் மூக்கருகே வைத்தாள். பனியின் ஈரமா மூச்சா என்று தெரியவில்லை. கழுத்தில் விரல் வைத்தாள். அவளுடைய விரலே துடித்ததில் அவருடைய துடிப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. அந்தக் குழிக்குள், வானம் ஒரு வெள்ளை வட்டமாகத் தெரிய, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாளோ. போகக்கூடாது, போகக்கூடாது என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"போகல," என்று அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார். "கொஞ்சம் விடுது. வலி விடுது."

பூட்ஸ் சத்தம் கேட்டது. பராமரிப்புப் பெண் விளிம்பில் எட்டிப் பார்த்தாள், மறைந்தாள், ஏணியோடும் கயிற்றோடும் திரும்பி வந்தாள். ஆம்புலன்ஸ் ஆட்களுக்கு வழிகாட்ட ஹாரனை விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தாள். கோச்சை ஸ்ட்ரெச்சரில் கட்டி மேலே தூக்கியபோது, மணலில் அவருடைய பந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இன்னொரு ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். கொஞ்ச நாளாகவே வலி இருந்திருக்க வேண்டுமே, சொல்லவில்லையா என்று டாக்டர் கேட்டார். கோச் கூரையைப் பார்த்தார்.

வார்டில் தனியாக இருந்தபோது அவள் கேட்டாள். "வலி இருந்துச்சா?"

"ட்ரெட்மில்லுல ஏறினா வரும். அடிக்கடி துண்டு எடுக்கிற மாதிரி நிப்பேன்ல, அப்ப."

"நான் எத்தன தடவ ஓடி வந்து பாத்தேன்! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ படியில ஓடி வர்ற சத்தம் கேக்கும். உன் மூஞ்சியைப் பாத்தா எப்படிச் சொல்றது?"

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறைய வேண்டும்போல் இருந்தது. காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

"அந்த ஷூவைக் கட்டித் தொங்கவிட்டுட்டுப் போனீங்களே. அதைப் பாத்தப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா?"

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எனக்குப் பயமா இருந்துச்சு. அந்த ரூம்ல, சுவரைப் பாத்துக்கிட்டு, நடந்துக்கிட்டே செத்துப் போயிடுவேன்னு. எவ்வளவு நடந்தாலும் அதே சுவர். ஒரே ஒரு தடவை கடல் பக்கம் போய் ஒரு அடி அடிச்சுட்டு வந்துடலாம்னு… நீ கண்டுபிடிக்கிறதுக்குள்ள வந்துடுவேன்னு நினைச்சேன்."

"உங்க பயத்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உன் பயத்தை நீ காபின்னுதானே சொன்ன?"

அவள் வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

வீடு திரும்பிய பிறகு கொழுந்தனை வரச் சொல்லி மாடியறையைக் காலி செய்தாள். அவருக்குக் கோபம்தான். "எவ்வளவு ஆசையா வாங்கினேன் அண்ணி" என்றார். ட்ரெட்மில்லைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். சைக்கிளை மட்டும் அவள் நிறுத்திக்கொண்டாள். தைத்த திரைகளைத் தொங்கவிட வசதியாக இருந்தது.

டாக்டரிடம் அவளே போய்ப் பேசினாள். சமதரையில், நிழலில், கூட ஆளோடு நடக்கலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம், பேச்சு முட்டினால் நின்றுவிட வேண்டும் என்றார் அவர். மரத்து மைதானத்துக்காரர்கள் ஆட்டம் தொடங்குவதற்கு முன் காலையில் இருவரையும் உள்ளே விட ஒப்புக்கொண்டார்கள். மட்டை கிடையாது என்பது நிபந்தனை.

முதல் நாள் போனபோது புல்லில் இன்னும் ஈரம் காயவில்லை. மரங்கள் இரண்டு பக்கமும் அசையாமல் நின்றன. கோச் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் பழைய மாணவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நடந்தார். குளத்துப் பக்கம் வந்ததும் அவள் தண்ணீரைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் பேச்சை நிறுத்தியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

"சொல்றதுக்கு எல்லாம் சொல்லி முடிச்சாச்சு."

"எதையாவது பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"எனக்குத் தெரியாது. பேசிக்கிட்டே வாங்க. நிறுத்தாதீங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இந்தக் குளத்தில் யார் யார் எத்தனை பந்துகளைத் தொலைத்தார்கள், பல் டாக்டர் எப்படி ஒரு முறை கோபத்தில் மட்டையையே தூக்கி எறிந்துவிட்டுப் பிறகு பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார் என்று ஆரம்பித்தார். கதை பாதியில் மூச்சு வாங்கியது. அவள் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். நின்றார்கள். மூச்சு சீரானது. விட்ட இடத்திலிருந்து அவர் தொடர, இருவரும் அடுத்த மர வரிசையை நோக்கி நடந்தார்கள். முழங்கையைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவில்லை.